அடிபட்ட பண்ணைக் காடை: வைத்தியமா, மருத்துவரா, அன்றே முடிப்பதா, ஊனத்தோடு வைத்துக்கொள்வதா?

காலையில் தீவனம் வைக்கப் போனால், மூலையில் ஒரு காடை சிறகைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறது. அல்லது தலையில் தோல் உரிந்து மண்டை வெள்ளையாகத் தெரிகிறது. 200 கிராம் பறவைக்கு இவ்வளவு யோசனை வேண்டுமா என்று ஒரு மனம் சொல்லும், உயிரோடு இருப்பதை எப்படி முடிப்பது என்று இன்னொரு மனம் சொல்லும். இந்த இழுபறியில் பலர் எதையுமே செய்யாமல் நாளைக்குப் பார்க்கலாம் என்று அதே கூண்டில் விட்டுவிடுகிறார்கள். கீழே சொல்லும் நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தாலும் அதைவிட மேல். மற்ற காடைகள் இரத்தத்தைக் கண்டதும் கொத்தத் தொடங்கும், மாலைக்குள் சின்னக் காயம் பெரிய குழியாகிவிடும்.

இங்கே கணக்கெல்லாம் காடைக்குச் சொல்லியிருக்கிறோம். கௌதாரி, பெசன்ட் (நீண்ட வாலுள்ள கோழியினப் பறவை), கினிக்கோழிக்கு மாறும் இடங்களில் தனியாகக் குறிப்பிடுகிறோம்.

## முடிவெடுக்கும் முன் இரண்டு மணி நேரம்

அடிபட்ட அதிர்ச்சியில் இருக்கும் பறவையைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. பிழைக்கக்கூடியது செத்ததுபோல் கிடக்கும், சாகப்போவது எழுந்து நின்று நம்மை ஏமாற்றும். பலவீனத்தை மறைப்பது இந்தப் பறவைகளின் இயல்பு.

பறவையைக் கூட்டத்திலிருந்து எடுத்து, மூடியில் துளைகள் போட்ட அட்டைப்பெட்டியில் வையுங்கள். அடியில் பழைய பருத்தித் துணி போதும். மரத்தூள் காயத்தில் ஒட்டும், வேண்டாம். சுடுநீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைத்தால், சூடு அதிகமானால் பறவை தானே நகர்ந்துகொள்ளும். உள்ளே 30 டிகிரி செல்சியஸ் அளவு இருக்கட்டும். வாயைத் திறந்து மூச்சிரைத்தால் சூடு கூடிவிட்டது.

இரத்தம் வந்தால் சுத்தமான காஸ் துணியால் அழுத்திப் பிடித்து, இடையில் எடுத்துப் பார்க்காமல் மூன்று முதல் ஐந்து நிமிடம் வையுங்கள். பறவையின் உடலில் 100 கிராம் எடைக்கு 7 முதல் 10 மில்லிலிட்டர் இரத்தம்தான் இருக்கும். 200 கிராம் காடை 2 மில்லிலிட்டர், அதாவது ஏறக்குறைய 40 சொட்டு, இழந்தால் தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு சொட்டும் ஆபத்தைக் கூட்டும். நகமோ இறகுக்காம்போ ஒடிந்து வடிந்தால் சோளமாவு (கார்ன்ஃப்ளோர்) வைத்து அழுத்தலாம். திறந்த புண்ணில் மாவு போடக் கூடாது.

அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னால், அடிவாயிலேயே திறந்திருக்கிறது. தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். தலை நிமிர்ந்த பிறகு ஆழமில்லாத கிண்ணத்தில் வைத்தால் தானே குடிக்கும்.

பெட்டியில் விடும் முன்பே ஒருமுறை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் அந்த எண் தேவைப்படும்.

குடல் வெளியே வந்திருந்தாலோ, தலை நசுங்கியிருந்தாலோ, உடல் கிழிந்து மூச்சுக்குத் தவித்தாலோ இந்த இரண்டு மணி நேரத்தைக் கொடுக்காதீர்கள். அது பறவைக்குக் கொடுமை. மூன்றாவது வழிக்குப் போய்விடுங்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

நிற்கிறதா, தானே தின்கிறதா. மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் கனமானது. இரண்டு காலும் விழுந்துவிட்டால் தண்டுவடத்தைச் சந்தேகிக்க வேண்டும். கால்விரலை அழுத்தினால் கால் சுருங்குகிறதே என்று நம்பிவிடாதீர்கள். தண்டுவடம் அறுந்த பறவையிலும் அந்த அனிச்சை இருக்கும். விரலை அழுத்தும்போது தலையைத் திருப்புகிறதா, கண்ணைச் சுருக்குகிறதா, குரல் கொடுக்கிறதா என்று பாருங்கள். இவை எதுவும் இல்லாமல், எச்சமும் வாலடியில் ஒட்டிக்கொண்டே இருந்தால் மீள வாய்ப்பு மிகக் குறைவு.

எலும்பு வெளியே தெரிகிறதா. தோலுக்குள் ஒடிந்த எலும்பு பறவைக்கு இரண்டு, மூன்று வாரத்தில் கூடிவிடும். வெளியே வந்து காற்றில் காய்ந்த எலும்பு செத்த எலும்பு, அது ஒன்றுசேராது. சிறகின் மேலெலும்பு ஒடிந்து தோல் கிழிந்திருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. அந்த எலும்பு உள்ளே குழலாக இருந்து காற்றுப்பையோடு இணைந்திருக்கிறது. புண்ணில் நீரைப் பீய்ச்சிக் கழுவினால் நீர் மூச்சுமண்டலத்துக்குள் இறங்கும்.

கடித்தது யார். கூண்டுக் கம்பி கிழித்த பெரிய காயத்தைவிடப் பூனைப்பல் பதிந்த சின்னத் துளை ஆபத்தானது. பூனையின் வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா கிருமி இரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளில் பறவை இறந்துவிடும். வெளியே ஊசிமுனைத் துளை ஒன்றுதான் தெரியும். பூனைக்கடி என்றால் அன்றே ஆன்டிபயாடிக் அல்லது அன்றே முடிவு, இடைப்பட்ட வழி கிடையாது.

காயத்தின் வயது. அடிபட்ட இடம் இரண்டாம் மூன்றாம் நாளில் பச்சையாக மாறும். அழுகிவிட்டது என்று பயந்து பலர் இந்தக் கட்டத்தில் பறவையைக் கழித்துவிடுகிறார்கள். பறவைகளில் கன்றிய இரத்தம் பச்சை நிறமியாகத்தான் சிதையும், ஆறிக்கொண்டிருப்பதன் அடையாளம் அது. கருத்து, உலர்ந்து, நாற்றம் அடித்தால்தான் தசை செத்துவிட்டது. ஈ முட்டை வெள்ளை அரிசிக்குருணைபோல் இறகடியில் ஒட்டியிருந்தால், சூடான நாளில் அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் புழு வைத்துவிடும்.

உண்மையில் இது காயமா. கழுத்து முறுக்கிக்கொண்டு, கால் இழுத்துக்கொண்டு இருப்பது ஒன்று மட்டும் என்றால் அடியாக இருக்கலாம். இரண்டு மூன்று பறவைகள் அப்படி ஆனாலோ, திடீரெனப் பல இறந்தாலோ வெள்ளைக்கழிச்சல், பறவைக் காய்ச்சல் போன்றவற்றை நினைக்க வேண்டும். அப்போது எதையும் அறுக்காமல், பண்ணையை விட்டு எதையும் வெளியே அனுப்பாமல் கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

பறவை எதற்காக வளர்கிறது என்பதும் கணக்கில் வரும். இறைச்சிக் காடைக்கும், நல்ல வம்சத்தின் தாய்ப்பெட்டைக்கும், வீட்டுப் பிள்ளைகள் பெயர் வைத்த பறவைக்கும் ஒரே பதில் பொருந்தாது. வலியின் அளவு மட்டும் மூன்றுக்கும் ஒன்றுதான்.

## வழி 1: தனிக்கூண்டில் நாமே வைத்தியம்

தோல் காயங்களுக்கு இதுவே முதல் தேர்வு. பார்க்கப் பயங்கரமாகவும் ஆறுவதற்கு எளிதாகவும் இருப்பது தலைத்தோல் உரிந்த காயம். மிரண்ட காடை நேராக மேலே எழும்பிக் கூரைக் கம்பியில் மோதுவதால் வருவது. உள்ளே மண்டை தெரிந்தாலும் பறவை நின்று தின்றால் கைவிடாதீர்கள்.

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்பு கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் மெதுவாகக் கழுவுங்கள். சுற்றியுள்ள இறகைப் பிடுங்கக் கூடாது, கத்தரியுங்கள். பிடுங்கினால் தோலும் சேர்ந்து வரும். சுருண்டு கிடக்கும் தோலை ஈரப் பஞ்சால் நனைத்து விரித்து, இருந்த இடத்தில் படிய வையுங்கள். 10 சதவீதப் பொவிடோன் அயோடினை ஒன்றுக்குப் பத்து மடங்கு நீரில் கலந்து ஒற்றினால் போதும், கலவை வெளிறிய தேநீர் நிறத்தில் இருக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு புதிதாக வளரும் தசையைச் சேர்த்து எரிக்கும். எண்ணெய், வாசலின் போன்றவை இறகில் பரவி உடல்சூட்டைக் குறைக்கும். வலியை மரக்கச் செய்யும் பென்சோகெய்ன், லிக்னோகெய்ன் களிம்புகள் இவ்வளவு சிறிய உடலுக்கு விஷமாகலாம். இப்படிப் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று வாரத்தில் தோல் மூடும். அந்த இடத்தில் இறகு முளைக்காமலே போகலாம், அதனால் பறவைக்குக் குறையில்லை.

கால் எலும்பு தோலுக்குள் ஒடிந்திருந்தால் 200 கிராமுக்குட்பட்ட பறவைக்கு டேப் கட்டு நன்றாக வேலை செய்யும். காலை இயல்பாக மடங்கிய நிலையில் பிடித்து, இருபுறமும் காகித டேப்பை வைத்து ஒன்றோடொன்று ஒட்டி, காலை ஒட்டினாற்போல் சாமணத்தால் கிள்ளி அழுத்துங்கள். மூன்று நான்கு அடுக்கு சேர்ந்தால் அதுவே பலகையாகிவிடும். ஒடிந்த இடத்துக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் கட்டுக்குள் வர வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். மூட்டை விட்டுவிட்டுக் கட்டினால் கட்டே நெம்புகோலாகி முறிவை இன்னும் விலக்கும். தினமும் விரல்களைத் தொட்டுப் பாருங்கள். வீங்கினாலோ சில்லென்று இருந்தாலோ கட்டு இறுகிவிட்டது. தொடை எலும்பு முறிவில் இடுப்பு மூட்டைச் சேர்த்துக் கட்ட வழியில்லாததால் இந்தக் கட்டு உதவாது.

சிறகுக்கு எட்டு வடிவக் கட்டு. அதை உடலோடு சேர்த்துச் சுற்றும்போது கவனம் வேண்டும். பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது, மார்பெலும்பு மேலும் கீழும் அசைந்தால்தான் மூச்சு. மார்பை இறுக்கினால் கட்டுக்குள்ளேயே மூச்சு முட்டி இறந்துவிடும். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை அவிழ்த்துச் சிறகை மெதுவாக விரித்துவிட வேண்டும். இல்லையெனில் சிறகின் முன்விளிம்பில் உள்ள மடிப்புத் தோல் சுருங்கி, எலும்பு கூடினாலும் சிறகு விரியாது.

மறைந்திருக்கும் செலவு மருந்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. காலையும் மாலையும் கழுவுதல், எடை, எச்சம் பார்த்தல், துணி மாற்றுதல் என்று தினமும் அரை மணி நேரமாவது போகும். பெட்டை பல நாள் முட்டையை நிறுத்திவிடும். கூட்டப் பறவையானதால் தனியாக வைத்தால் தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும். மற்ற காடைகளைப் பார்க்கவும் கேட்கவும் முடிகிற இடத்தில், கம்பித்தட்டி நடுவில் இருக்க வையுங்கள்.

இந்த வழியில் இறங்கும் அன்றே கெடு குறித்துவிடுங்கள். மூன்றாம் நாள் எடை: 200 கிராம் பறவை 180-க்கு இறங்கினால் எச்சரிக்கை, 170-க்கும் கீழே போனால் இந்த வழி தோற்றுவிட்டது. ஏழாம் நாள் புண்: ஓரங்கள் இளஞ்சிவப்பாக உள்நோக்கி நகர்ந்திருக்க வேண்டும். இருபத்தோராம் நாள் எலும்பு: காலை ஊன்ற வேண்டும். எச்சத்தில் திடப்பொருள் இல்லாமல் பளிச்சென்ற பச்சை நீர் மட்டும் வந்தால் பறவை தின்னவே இல்லை. தீவனத்தட்டு கலைந்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

## வழி 2: கால்நடை மருத்துவர்

பூனைக்கடி, கண் காயம், கிழிந்த தீவனப்பை (தின்றது கழுத்தடி வழியாக வெளியே வரும்), எலும்பில் கம்பி பொருத்த வேண்டிய முறிவு, கெட்டி வீக்கம் ஆகியவற்றுக்கு இந்த வழிதான். பறவையின் சீழ் நம்முடையதுபோல் வடியாது, பாலாடைக்கட்டிபோல் உறைந்துவிடும். கீறிவிட்டு வடியட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. மரக்கச் செய்து கட்டியோடு எடுக்க வேண்டும்.

நம்மால் தர முடியாத ஒன்றையும் மருத்துவர் தருவார்: வலிநிவாரணம். பறவைகளுக்குப் பெரும்பாலும் மெலாக்சிகாம் கொடுக்கிறார்கள். வீட்டு அலமாரியில் இருக்கும் மனித மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். டைக்ளோஃபெனாக் கலந்த மாட்டுச் சடலங்களைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக இறந்தது தெரிந்த கதைதான்.

கிளம்பும் முன் தொலைபேசியில் மூன்று கேள்வி கேளுங்கள். சிறு பறவைகளைப் பார்ப்பீர்களா? எக்ஸ்ரே வசதி உண்டா? உணவுக்கான பறவை என்றால் எந்த மருந்து கொடுப்பீர்கள், எத்தனை நாள் கழித்து முட்டையும் இறைச்சியும் உண்ணலாம்? மூன்றாவதைக் கேட்க மறப்பவர்கள் அதிகம். குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபுரான் வகைகள் உணவு விலங்குகளுக்குப் பல நாடுகளில் தடை செய்யப்பட்டவை. அவற்றைப் பெற்ற பறவை ஆயுளுக்கும் உணவாகாது.

கட்டணம் ஒரு பறவையின் விலையைத் தாண்டும், அது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது, மருத்துவர் அறுவை செய்து கொடுத்தாலும் அடுத்த மூன்று வாரப் பணிவிடை நம் தலையில்தான் என்பது. இரண்டாம் வழியைத் தேர்ந்தவர் முதல் வழியின் முழு உழைப்பையும் சேர்த்தே ஏற்கிறார். அந்த நேரம் உங்களிடம் இல்லையென்றால், மருத்துவரிடமே வலியில்லாமல் முடித்துத் தரும்படி கேட்கலாம். இறைச்சியாகாது, ஆனால் பறவைக்கு அமைதியான முடிவு.

## வழி 3: அன்றே முடித்துவிடுதல்

தண்டுவடம் போனது, வெளியே வந்து காய்ந்த எலும்பு, இரண்டு காலும் ஒடிந்தது, உடற்குழிவரை திறந்த புண், புழு உள்ளே இறங்கிவிட்ட எச்சத்துவாரம். இவற்றில் வைத்தியம் வலியை நீட்டிக்கும், பெரும்பாலும் வேறொன்றும் செய்யாது. பல நாள் தின்னாமல் மெலிந்த பறவைக்கும் இதுவே நல்லது.

காடைக்குக் கழுத்தைப் பிரித்தல் அல்லது கூரான கோழிக்கத்தரியால் ஒரே வெட்டில் தலையைத் துண்டித்தல் விரைவானது. கழுத்தைப் பிரிக்க, ஒரு கையில் கால்களையும் சிறகு நுனிகளையும் பிடித்து, மறுகையின் இரு விரல்களை மண்டைக்குப் பின்னால் கொடுத்து, தலையைப் பின்னோக்கி வளைத்தபடி ஒரே உறுதியான இழுப்பு. தயங்கி அரைகுறையாக இழுப்பதுதான் வேதனை. முதல்முறை செய்பவர் இறந்த பறவையில் கைப்பழகிக்கொள்ளட்டும், அல்லது தெரிந்தவரை அழைக்கட்டும். கினிக்கோழி, வளர்ந்த பெசன்ட் சேவல் ஆகியவற்றின் கழுத்து பலமானது. கனமான கட்டையால் தலையின் பின்புறம் ஒரே அடியில் நினைவிழக்கச் செய்த பிறகே கழுத்துக்குப் போக வேண்டும். நீரில் அமுக்குவது, உறைபெட்டியில் வைப்பது, பையில் கட்டி மூச்சடக்குவது எதுவும் கூடாது.

பிறகு ஓரிரு நிமிடம் சிறகு படபடக்கும். அது உயிர் அல்ல, நரம்பின் அனிச்சை. மண்டைக்கும் கழுத்தெலும்புக்கும் நடுவே விரலால் இடைவெளி தெரிய வேண்டும், கருவிழியைத் தொட்டால் இமைக்கக் கூடாது, மூச்சு நின்றிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

உண்ணலாமா என்றால், சில மணி நேரத்துக்கு முன்வரை நன்றாக இருந்து, கம்பியிலோ கதவிலோ சிக்கி அடிபட்ட பறவையை உடனே அறுத்து, கன்றிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு உண்ணலாம். மருந்து பெற்றது, சீழ் பிடித்தது, மெலிந்தது, பூனை நாய் கடித்தது, காரணம் தெரியாதது எதுவும் வேண்டாம். அவற்றை 60 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில், கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளிப் புதையுங்கள், அல்லது உள்ளூர் விதிப்படி எரியுங்கள்.

## வழி 4: ஊனத்தோடு வைத்துக்கொள்வது, அல்லது வளர்ப்பவரிடம் தருவது

காடை தரையில் வாழும் பறவை. பறக்க முடியாத சிறகும், ஒரு கண் பார்வையும் அதன் அன்றாடத்தை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. ஒரு கால் இழந்தால் கணக்கு வேறு. காடைபோல் இலகுவான பறவை மெத்தென்ற தரையில் சமாளிக்கலாம். கினிக்கோழி, பெசன்ட் அளவில் முழு எடையும் மிச்சக் காலில் இறங்கி, பாதத்தில் ஆணிபோல் புண் வந்து, அந்தக் காலும் போய்விடும். ஒற்றைக்கால் சேவல் இணையவும் முடியாது.

இதன் செலவு நீளமானது. தனி இடம், கம்பியில்லாத தரை, தாழ்வான தட்டு, சாதுவான ஒரு துணை, வாராவாரம் பாதச் சோதனை. காடை இரண்டு மூன்று ஆண்டு வாழும், அத்தனை நாளும் இது தொடரும். வேறொருவருக்குக் கொடுத்தால் காயம், கொடுத்த மருந்து, முட்டை உண்ணலாகாத நாட்கள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள்.

காட்டிலோ வயலிலோ பறக்கவிடுவதைச் சிலர் கருணை என்று நினைக்கிறார்கள். கூண்டில் பொரித்த பறவைக்கு இரை தேடவும் பருந்துக்கு ஒளியவும் தெரியாது, அடிபட்டதற்கு இன்னும் முடியாது. பண்ணை நோய் காட்டுப் பறவைக்குப் போகும். பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடை காட்டுக்காடையோடு கலந்து இனத்தையும் குழப்பும். பல இடங்களில் சட்டப்படியும் குற்றம். எனவே இதை ஒரு வழியாகவே எண்ணவில்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| நிலை | முதல் தேர்வு | மாற்று | எது முடிவை மாற்றும் |
|---|---|---|---|
| தலைத்தோல் உரிந்தது, நின்று தின்கிறது | வழி 1 | வழி 2 | மூன்றாம் நாள் எடைச் சரிவு |
| முதுகு, பிடரியில் கொத்துப்புண் | வழி 1 | வழி 3 | புழு, உடற்குழி திறப்பு |
| மூடிய கால் முறிவு, காடை | வழி 1 | வழி 3 | தொடை எலும்பு என்றால் வழி 2 அல்லது 3 |
| மூடிய கால் முறிவு, பெசன்ட் அல்லது கினிக்கோழி | வழி 2 | வழி 3 | வம்சப் பறவையா என்பது |
| மூடிய சிறகு முறிவு | வழி 1 | வழி 4 | மூட்டிலேயே முறிந்திருந்தால் விறைத்தே ஆறும் |
| பூனைக்கடி | வழி 2, அன்றே | வழி 3, அன்றே | மருத்துவர் எட்டும் தூரத்தில் இல்லாமை |
| காய்ந்த எலும்பு வெளியே, இரு கால் செயலிழப்பு | வழி 3 | இல்லை | இல்லை |
| ஆறிய ஒற்றைக்கண், பறக்காத சிறகு | வழி 4 | கூட்டத்தில் திரும்ப விடுதல் | மற்றவை கொத்துவது |

இரண்டு வழிக்கு நடுவே தடுமாறினால், இறைச்சிக்கென வளரும் பறவையாக இருந்தால் மூன்றாவதையே தேர்ந்தெடுக்கச் சொல்வோம். எப்படியும் சில வாரத்தில் அறுக்கப்போகும் பறவைக்கு அந்தச் சில வாரத்தை வலியோடு கொடுப்பதில் நியாயமில்லை. முட்டைக்கும் வம்சத்துக்கும் வளர்ப்பவை என்றால் மூன்று நாள் கெடு கொடுத்துப் பாருங்கள்.

## ஆறிய பறவை திரும்பும்போது

பத்து நாள் பிரிந்த காடையைக் கூட்டம் அந்நியனாகத்தான் பார்க்கும். முதலில் மூன்று முதல் ஏழு நாள் தட்டிக்கு அந்தப்பக்கம். பிறகு விளக்கு மங்கிய நேரத்தில், சாதுவான ஒன்றிரண்டு பெட்டைகளோடு வேறு கூண்டில் சேர்த்து, அவற்றோடு மற்றவற்றைக் கொண்டுவாருங்கள். புண் இருந்த இடத்தில் சிவப்பு தெரிந்தால் இன்னும் நாளாகவில்லை என்று பொருள்.

அதற்குள் பழைய கூண்டைச் சரிசெய்துவிட வேண்டும். தலைக்காயம் என்றால் கூரை 25 முதல் 30 சென்டிமீட்டருக்குள் தாழ்வாகவோ, 180 சென்டிமீட்டருக்கு மேல் உயரமாகவோ இருக்கட்டும். நடுத்தர உயரம்தான் மண்டையை உடைக்கும் வேகத்தைத் தருகிறது. உயரத்தை மாற்ற முடியாவிட்டால் கம்பிக்கு ஒரு சாண் கீழே மெல்லிய வலையைத் தளர்வாகக் கட்டுங்கள். பிடரியில் இறகு போன பெட்டைகள் பல இருந்தால் சேவல் அதிகம், ஒரு சேவலுக்கு மூன்று முதல் ஐந்து பெட்டை வையுங்கள். கால் ஒடிந்தது என்றால் தரைக்கம்பியில் உங்கள் சுண்டுவிரலை நுழைத்துக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். அது சிக்கும் இடத்தில் காடையின் காலும் சிக்கும்.